கரண்ட் போனாலும் பாக்கி நிற்க வேண்டும்: எஸ்கியூலைட், எல்எம்டிபி, லெவல்டிபி ஓர் ஒப்பீடு

வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு காய்கறி மண்டிக்கு மென்பொருள் எழுதப் போனால், முதலாளி கேட்பது இரண்டே விஷயம். பேரைத் தட்டினால் பாக்கி வர வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அதே பாக்கி இருக்க வேண்டும். கலர், ரிப்போர்ட், வாட்ஸ்அப் பில் எல்லாம் அப்புறம்தான்.

இதற்கு ஒரு எளிய கீ-வேல்யூ ஸ்டோர் போதும். ஒரு கீ, அதற்கு ஒரு வேல்யூ; வாங்கினவர் பேர் கீ என்றால் அவர் பாக்கி வேல்யூ. செயல்கள் நான்கு: போடு, எடு, அழி, குறிப்பிட்ட முன்னொட்டில் தொடங்கும் கீகளை வரிசையாகக் கொடு. மைஎஸ்கியூஎல்லோ ரெடிஸோ வைத்தால் அது தனி சர்வராக ஓட வேண்டும். விண்டோஸ் அப்டேட் முடிந்து அது எழுந்திருக்காத நாளில், விடிகாலை லோடு இறங்கும் நேரத்துக்கு நமக்குப் போன் வரும். நம் புரோகிராமுக்குள்ளேயே லைப்ரரியாக உட்காரும் எம்பெடட் டேட்டாபேஸ் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எஸ்கியூலைட், எல்எம்டிபி, லெவல்டிபி ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறோம்.

வேக ஒப்பீட்டுப் படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறைய. மண்டிக்கு அது வேண்டாத கணக்கு. எவ்வளவு பில் விழுந்தாலும் இந்த மூன்றில் எதற்கும் மூச்சு வாங்காது. நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, கரண்ட் போன நொடியில் ஃபைல் என்ன நிலையில் இருக்கும். சித்திரை, வைகாசியில் ஊரே ஏசி போடும்போது கரண்ட் போவது இங்கே புதிதில்லை. சாதாரண இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டு, வருடங்கள் கழித்து அந்த ஃபைலை யாராவது திறக்க முடியுமா. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். அதற்குள் நாம் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருக்கலாம்.

முதலில் எஸ்கியூலைட். “அது டேபிள் டேபிளாக வைக்கும் எஸ்கியூஎல் ஆயிற்றே, கீ-வேல்யூவுக்கு எதற்கு?” என்று இதை ஒதுக்குவார்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட முதல் பதிப்பு, உள்ளே ஜிடிபிஎம் என்ற கீ-வேல்யூ லைப்ரரியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கீகளை வரிசையாக வைக்கும் மர அமைப்பான சொந்த பி-ட்ரீ அதற்கு அடுத்த பெரிய பதிப்பில் வந்தது. அதனால் இதைக் கீ-வேல்யூவாகப் பயன்படுத்துவது ஒன்றும் குறுக்கு வழியில்லை.

செய்முறை சின்னது. ஒரே டேபிள், இரண்டே நெடுவரிசை: கீ டெக்ஸ்ட், அதுவே பிரைமரி கீ, வேல்யூ பிளாப் (வெறும் பைட்கள்). அப்படியே விட்டால் எஸ்கியூலைட் ஒவ்வொரு வரிக்கும் ரோஐடி என்று ஓர் எண் வைத்து, நம் கீக்குத் தனி இண்டெக்ஸும் போடும். கீ இரண்டு இடத்தில் இருக்கும், தேடலும் இரண்டு தாவல். ரோஐடி வேண்டாம் என்று டேபிளை உருவாக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரே மரத்தில் முடியும். இது 2013-இலிருந்து இருக்கிறது. ஆனால் வேல்யூ சிறியதாக இருந்தால்தான் லாபம். எஸ்கியூலைட் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கும்; 4096 பைட் பக்கத்துக்கு ஒரு வரி சுமார் 200 பைட்டுக்குள் இருப்பது நல்லது. பாக்கித் தொகையும் கடைசித் தேதியும் அதில் அடங்கும். பில்லின் படத்தையே உள்ளே திணிப்பதாக இருந்தால் சாதாரண டேபிளே மேல்.

முன்னொட்டுத் தேடலுக்கு எஸ்கியூஎல்லின் லைக் (LIKE) போடாதீர்கள். இயல்பான அமைப்பில் அது இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுக்கப் படிக்கும். ‘பாக்கி/’ என்று தொடங்கும் கீகள் வேண்டுமானால், ‘பாக்கி/’க்குச் சமமாகவோ மேலாகவோ, அதோடு ‘பாக்கி0’வுக்குக் கீழாகவும் என்று கேளுங்கள். சாய்கோட்டுக்கு அடுத்த குறியீடு பூஜ்யம் என்பதால் இடையில் வேறெதுவும் நுழைய முடியாது.

இனி கரண்ட் விஷயம். பழைய ஜர்னல் முறையில், மாறப்போகும் பக்கங்களின் முந்தைய வடிவத்தை முதலில் தனி ஃபைலில் எழுதி, டிஸ்க்கில் இறக்கி, அதன் பிறகுதான் உண்மையான ஃபைலைத் தொடும். பாதியில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆக்கிவிடும். 2010-இல் வந்த வால் (WAL) முறையில் மாற்றங்கள் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலின் கடைசியில் சேர்ந்துகொண்டே போகும்; படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் மறிக்க மாட்டார்கள். எழுதியது டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பதா என்று சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பு இயல்பாக ஃபுல் என்றிருக்கும். வேகத்துக்காக அதை நார்மல் ஆக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். வால் முறையில் நார்மல் வைத்தால் ஃபைல் கெடாது, உண்மைதான். ஆனால் கரண்ட் போவதற்குச் சற்று முன் போட்ட பில் காணாமல் போகலாம். பிரிண்டரில் பில் வந்துவிட்டது, கணக்கில் இல்லை என்றால் மண்டியில் சண்டைதான். பில் போடும் இடத்தில் ஃபுல்லிலேயே விடுங்கள்.

எஸ்கியூலைட் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஒவ்வொரு வரியையும் தனித்தனி டிரான்சாக்‌ஷனாக எழுதுவது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நொடிக்குச் சில பத்து டிரான்சாக்‌ஷன்தான் முடியும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கில் இறங்கியதா என்று காத்திருக்க வேண்டும். ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டால் ஆயிரக்கணக்கில் வரிகள் போகும். எப்படியும் ஒரு பில் என்பது ஒரு டிரான்சாக்‌ஷனாகத்தான் இருக்க வேண்டும். இலவம்பாடி கத்தரியில் இருப்பு குறைவதும் வாங்கினவர் பாக்கி ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக் கூடாது.

எல்எம்டிபி வேறு குணம். பயனர் விவரங்களை வைக்கும் சர்வர் மென்பொருளான ஓப்பன்எல்டாப் திட்டத்துக்காக ஹாவர்ட் சூ 2011-இல் கொண்டுவந்தது. முழு ஃபைலையும் நினைவகத்தில் மேப் செய்துவிடும். எடு என்றால் காப்பி எடுக்காமல் ஃபைலுக்குள்ளேயே ஒரு பாயிண்டரைக் கையில் தரும். எழுதும்போது இருக்கும் பக்கத்தைத் தொடாது. புதிய பக்கத்தில் எழுதி, மரத்தின் வேர் வரை உள்ள பக்கங்களையும் புதிதாக எழுதி, கடைசியில், வேர் எங்கே என்று குறித்துவைக்கும் இரண்டு மெட்டா பக்கங்களில் பழையதை மாற்றிப் புதிய வேரைக் காட்டும். அந்தக் கடைசி எழுத்துக்கு முன் கரண்ட் போனால் பழைய மரம் அப்படியே இருக்கிறது. மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் (log) கிடையாது, மீட்பு வேலையும் கிடையாது. இந்த வடிவமைப்பின் அழகுக்கு என் ஓட்டு உண்டு.

கடையில் வைத்துப் பார்த்தால் சில முட்கள் குத்தும். ஃபைல் எவ்வளவு வளரலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 10 எம்பிதான். அது நிறைந்த அன்று ‘மேப் நிரம்பிவிட்டது’ என்று எழுத மறுக்கும். 64 பிட் கம்ப்யூட்டரில் பெரிய எண்ணாகக் கொடுத்துவிடலாம், பழைய 32 பிட் பெட்டியில் முகவரி இடமே போதாது. ஃபைல் வடிவமும் கம்ப்யூட்டரின் வார்த்தை அளவைப் பொறுத்தது, 32 பிட்டில் எழுதியதை 64 பிட்டில் அப்படியே திறக்க முடியாது. அப்புறம், படிக்கும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து மூடாமல் விடக் கூடாது. இன்றைய விலை காட்டும் ஒரு திரை காலையில் திறந்ததை மாலை வரை பிடித்துக்கொண்டிருந்தால், அதற்கு அப்புறம் விடுபட்ட பழைய பக்கங்களை மறுபடி பயன்படுத்த முடியாமல் ஃபைல் ஊதிக்கொண்டே போகும். அழித்தாலும் ஃபைல் சுருங்காது.

சிஎம்சி மருத்துவமனை எதிரில் இருக்கும் மாதிரியான மருந்துக் கடைக்கு எல்எம்டிபி பொருந்தும். மருந்துப் பட்டியல் எப்போதாவதுதான் மாறும். விற்பனையாளர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, வரிசையில் அடுத்தடுத்த பெயர்கள் உடனே வர வேண்டும். படிப்பது நிறைய, எழுதுவது கொஞ்சம் என்ற இடத்தில் இதை மிஞ்ச ஆள் குறைவு.

லெவல்டிபி கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதி 2011-இல் வெளிவந்தது. மண்டிக் கணக்குப்பிள்ளை வந்ததையெல்லாம் சிட்டாவில் குறித்துவிட்டு, ஓய்வாக இருக்கும்போது பேரேட்டில் ஏற்றுவாரே, கிட்டத்தட்ட அதே வேலைமுறை. எழுதுவதை லாக்கிலும் நினைவகத்திலும் போட்டு, இயல்பாக 4 எம்பி சேர்ந்ததும் வரிசைப்படுத்திய ஃபைலாக இறக்கி, பின்னணியில் ஃபைல்களை ஒன்றுசேர்த்துக்கொண்டே இருக்கும். எழுதுவது மிக வேகம். ஆனால் இயல்பான அமைப்பில் எழுத்து டிஸ்க்கில் இறங்கியதா என்று பார்க்காது. கரண்ட் போனால் கடைசிச் சில பதிவுகள் போகலாம். சிங்க் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் திறக்கலாம், அதனால் பில் புரோகிராம் ஓடும்போது ராத்திரி ரிப்போர்ட்டைத் தனி புரோகிராமாக ஓட்ட முடியாது. ஒரு ஃபைலாகவும் இருக்காது, ஒரு ஃபோல்டர் நிறைய எண் எண்ணாகக் கிடக்கும். பராமரிப்பும் இப்போது மிகக் குறைவு. ஃபேஸ்புக் இதிலிருந்து கிளைத்து வளர்த்த ராக்ஸ்டிபிதான் உயிர்ப்போடு இருக்கிறது. கடைக்கு அது யானை வாங்குவது.

மற்றவை சுருக்கமாக. கோ மொழிக்காரர்களுக்கு பிபோல்ட், எல்எம்டிபியின் யோசனையை ஒட்டி வந்தது. பல சர்வர்களின் அமைப்புகளைச் சேமிக்கும் எட்சிடி உள்ளே அதுதான் ஓடுகிறது. பைத்தானின் ஷெல்ஃப் சோதனைக்குச் சரி, பில்லுக்குக் கூடாது, டிரான்சாக்‌ஷனே கிடையாது. பெர்க்லி டிபி என்ற பழைய லைப்ரரி ஆரக்கிளிடம் போனது, 2013-இல் அதன் உரிமம் ஏஜிபிஎல் ஆனது; இலவசப் பதிப்பை வைத்து விற்றால் மூலநிரலையும் தர வேண்டும் என்பதால், அதைத் தராமல் விற்கும் சின்ன ஆட்களுக்கு அது ஆகாது.

தமிழ்க் கீகள் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இது மூன்றுக்கும் பொது. எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எல்எம்டிபியில் கீயின் இயல்பான உச்சம் 511 பைட், அதாவது 170 குறியீடு. ஊர், பேர், கடைப் பேர், தெரு எல்லாவற்றையும் கோத்துக் கீ செய்தால் எட்டிவிடும். அதைவிட மோசமானது ஒகரம். ‘கொணவட்டம்’ என்பதில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறி ஒரே குறியீடாக இருந்தால் 27 பைட். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக வந்தால் 30 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வேறு கீ, ஒரே ஆளுக்கு இரண்டு பாக்கி. பழைய எழுத்துருப் பட்டியலிலிருந்து மாற்றிய பெயர்களில் இது வரலாம். போடும்போதும் எடுக்கும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், வேறு வழியில்லை.

வரிசையும் அப்படியே. பைட் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும் வந்துவிடும். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் போய்விடும். பேரேட்டில் விரலை ஓட்டிப் பழகியவர் திரையைப் பார்த்து, “என்ன தம்பி, வரிசையே இல்லையே” என்பார். மூன்றிலுமே சொந்த ஒப்பீட்டுச் செயலைக் கொடுக்க இடம் உண்டு. எல்எம்டிபியிலும் லெவல்டிபியிலும் முதல் நாளே கொடுத்தாக வேண்டும், நடுவில் மாற்றினால் தேடல் குழம்பும். எஸ்கியூலைட்டில் கீயைப் பைட் வரிசையிலேயே விட்டு, காட்டும்போது மட்டும் தமிழ் வரிசை கேட்கலாம். எனக்கு இது பெரிய வசதி.

காப்பி எடுப்பதில்தான் நிஜக் கடைகள் அடிபடுகின்றன. முதலாளி ராத்திரி பென்டிரைவைச் செருகி, பெரியதாகத் தெரியும் ஃபைலை மட்டும் இழுத்துப் போடுவார். வால் முறையில் இன்றைய பில்கள் பக்கத்து ஃபைலில் இருக்கலாம், அது பென்டிரைவுக்குப் போயிருக்காது. ஒரு பட்டன் வைத்து, 2019-இலிருந்து இருக்கும் வேக்யூம் இன்டு கட்டளையால் முழுக் காப்பியை ஒரே ஃபைலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்எம்டிபிக்கும் ஓடும்போதே காப்பி எடுக்கும் கருவி உண்டு. லெவல்டிபிக்கு அப்படி உள்ளமைந்த ஏற்பாடு இல்லை, நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கவுன்டர், இரண்டு கம்ப்யூட்டர், ஷேர் செய்த ஃபோல்டர் என்ற ஏற்பாட்டுக்கு மூன்றுமே ஆகாது. எஸ்கியூலைட்டின் வால் முறையும் எல்எம்டிபியும் ஒரே கம்ப்யூட்டரின் நினைவகத்தை நம்புபவை. ஒரு பெட்டியில் டேட்டாபேஸை வைத்து, மற்றது அதனிடம் கேட்டு வாங்கும்படி ஒரு சின்ன சர்வீஸ் எழுதுவதே சரி.

என் மண்டிகளுக்கு எஸ்கியூலைட்தான். அதை உருவாக்குபவர்கள் 2050 வரை ஆதரவு தருவோம் என்கிறார்கள், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. எனக்குப் பிறகு வரும் எந்தப் பையனும் ஒரு இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்து வரிகளைப் பார்த்துவிட முடியும்.

லெவல்டிபி வகைக்கு இங்கே இடமே இல்லையா என்றால், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்க் குழாயில் நொடிக்கு ஓர் அளவு எழுதும் மீட்டரைச் சொல்வார்கள். எழுதிக்கொண்டே இருக்கும், படிப்பது அபூர்வம், பொருத்தமான உதாரணம்தான். ஆனால் ஒரு மீட்டருக்கு நாளுக்கு 86,400 பதிவு. அறுபது பதிவை ஒரே டிரான்சாக்‌ஷனாகச் சேர்த்தால் நிமிடத்துக்கு ஒரு எழுத்து, எஸ்கியூலைட்டுக்கு இது வேலையே இல்லை. கரண்ட் போனால் அதிகபட்சம் ஒரு நிமிட அளவு போகும். அதைக்கூட இழக்க முடியாது என்று ஆலைக்காரர் சொன்னால் நொடிக்கொரு டிரான்சாக்‌ஷன் போடலாம், அதுவும் தாங்கும். மீட்டர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டிக்கு வரத் தொடங்கினால் ராக்ஸ்டிபியை எடுத்துப் பார்க்கலாம்.