ஆறு கோழிகளுக்கான மரக் கூடு: விதிமுறையோடு வைத்து ஒரு மதிப்பீடு

பகுதி பகுதியாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் மரக் கோழிக்கூடு ஒன்றை வாங்கி ஓராண்டு பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். மரம் நன்றாக இழைக்கப்பட்டிருக்கிறது, கூரை ஒழுகவில்லை, இருவர் சேர்ந்தால் அரை நாளில் பூட்டிவிடலாம். ஆனால் வாங்குவதற்கு முன், என் உள்ளாட்சி அமைப்பின் கோழி வளர்ப்பு விதிகளைப் படித்துவிட்டு அளவுகளைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

‘ஆறு கோழிகளுக்கு ஏற்றது’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். உட்பகுதியை அளந்தால் 12 சதுர அடிதான் வருகிறது. ஒரு கோழிக்குக் கூட்டினுள் ஏறத்தாழ 4 சதுர அடியும், வெளியே உலவும் அடைப்பில் 8 முதல் 10 சதுர அடியும் வேண்டும் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு; கோழிக்கு இவ்வளவு இடம் என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அந்தக் கணக்கில் இது மூன்று கோழிகளுக்கான கூடு. ஆறையும் இதில் அடைத்தால் அவை ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். எச்சம் விரைவில் சேர்ந்து அம்மோனியா நெடி வேலியைத் தாண்டும். அண்டை வீட்டார் புகார் கொடுக்க அது ஒன்றே போதும். அமரும் கட்டைக்கு மேலே உள்ள காற்றுத் திறப்புகளும் சிறியவை என்பதால், நான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திறப்புகளைக் கூடுதலாக வெட்டினேன்.

அடைப்பைச் சுற்றியுள்ள அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, எலியைத் தடுக்காது. எலி நடமாட்டத்துக்கு இடம்கொடுக்காமல் கூட்டையும் தீவனத்தையும் வைத்திருக்க வேண்டும் என்பது பல விதிமுறைகளில் வரும் நிபந்தனை. ஆகவே அந்த வலையைக் கழற்றிவிட்டு, 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த வலையைப் பொருத்தினேன்.

கூட்டின் இருபுறமும் உள்ள கைப்பிடிகளை மனமாரப் பாராட்டுகிறேன். எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைச் சில ஊர்களில் வேலியிலிருந்து அளக்கிறார்கள், சில ஊர்களில் அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து அளக்கிறார்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேலியோரம் வைத்த கூட்டைப் பிறகு நகர்த்த நேர்ந்தபோது, கைப்பிடிகளால் அது எளிதாக முடிந்தது.

பெட்டியின் படத்தில் ஒரு சேவலும் நிற்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் பெட்டைகளை அனுமதித்து, கூவும் சத்தத்துக்காகச் சேவலைத் தடைசெய்யும் ஊர்கள் பல. பெட்டைகள் முட்டையிடச் சேவல் தேவையுமில்லை. கையேட்டிலோ, ‘சில கோழிகள் மட்டும் வளர்த்தால் அரசிடம் பதிவு தேவையில்லை’ என்ற ஒரு வரி இருக்கிறது. இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும்போது உரியவர்களுக்கு உடனே தகவல் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மூன்று பெட்டைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு, வலையை மாற்றும் வேலையையும் சேர்த்தே, இது வாங்கத் தகுந்த கூடு. கோழிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக உட்பரப்பைச் சதுர அடியில் பெட்டி மேல் அச்சிடுமாறும், கையேட்டின் அந்த வரியை நீக்குமாறும் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.