"பயர் மீட்டிங், நெட்வேர்க்கிங் பார்ட்டி" என்று காசு கேட்கிறார்கள், உள்ளாடை தைக்கிற பெண்கள் கவனம்!

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் இருந்து நைட்டி, பிரா, உள்பாவாடை தைத்து விற்கிற சகோதரிகள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். கொழும்பில் வர்த்தகக் கண்காட்சி, வெளிநாட்டு பயர்மாரை, அதாவது சரக்கு வாங்குகிறவர்களை, நேரில் சந்திக்கலாம், இரவு ஹோட்டலில் நெட்வேர்க்கிங் பார்ட்டி என்று முகநூலில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. நேற்று இரவும் புதுப் போஸ்டர் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. அந்த ஆட்கள் என்னிடம் வாங்கியது 185,000 ரூபாய். ஒரு சதம் திரும்பி வரவில்லை.

பெயர் எழுதினால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். அதனால் பெயர் போடவில்லை, எப்படிப்பட்ட ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். கண்காட்சி நடத்துகிற நிறுவனம் அல்ல இது. கண்காட்சியில் ஒரு ஸ்டோலை (சாமான் காட்சிக்கு வைக்கிற இடத்தை) வாங்கி, அதைத் துண்டு துண்டாகச் சின்ன உற்பத்தியாளர்களுக்கு விற்று, அதோடு ஒரு பார்ட்டியையும் சேர்த்து "பெக்கேஜ்" என்று காசு பறிக்கிற இடைத்தரகர் கூட்டம்.

நான் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் பிரா லைனில் வேலை செய்தவள். ஒரு பிராவில் இருபதுக்கு மேல் துண்டுகள் இருக்கும். கப், விங், வயர், வயர் போகிற பட்டி, ஸ்ட்ராப், ரிங், ஸ்லைடர், கொக்கிப் பட்டி என்று ஒவ்வொன்றும் மில்லிமீற்றர் பிசகாமல் வரவேண்டும். வெளிநாட்டில் பெரிய கடைகளில் தொங்குகிற உள்ளாடைகள் எத்தனையோ இந்த நாட்டுப் பெண்களின் கையால் தைத்தவை. அந்தக் கைவேலையைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். கல்லடியில் வீட்டு விறாந்தையில் சிங்கிள் நீடில், ஓவர்லொக், ஸிக்ஸாக் மெஷின்களைப் போட்டு, அயலில் உள்ள பிள்ளைகளுக்குப் பழக்கி, காத்தான்குடி, கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறேன். "வேற ஒண்டும் கிடைக்கல்லையா, இதையா தைக்கிறாய்?" என்று கேட்ட சொந்தக்காரர் இருக்கிறார்கள். கடைக்காரரே சாமானைப் பத்திரிகையில் சுற்றித் தரச் சொல்லுவார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று கீழே விளங்கும்.

விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். கதைத்தது ஒரு தம்பி. முதல் கேள்வியே, "அக்கா, நீங்க 32 அளவில இருந்து எத்தின வரைக்கும் கிரேட் பண்றீங்க? வயர் வச்சதும் செய்யிறீங்களா?" என்பதுதான். வாழ்க்கையில் ஒரு ஆண் இந்த விஷயத்தை இளிக்காமல் என்னோடு கதைத்தது அதுதான் முதல்தடவை. "இதில வெக்கப்பட என்ன கிடக்கு அக்கா, இது தொழில். உங்கட கையில இருக்கிற வேலைக்கு கல்முனைக் கடையள் காணாது" என்றான். தானும் நம்மட பக்கம்தான் என்றான், பேச்சும் நம்மட பேச்சுத்தான். மண்டபத்தின் வரைபடம், ஸ்டோல் இலக்கம், வியாபாரப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. போன வருஷப் பார்ட்டி என்று ஒரு வீடியோ. கோட் போட்ட வெள்ளைக்காரர், மேசையில் சாம்பிள்கள், கைகுலுக்கல்.

காசு மூன்று பிரிவு. ஸ்டோலில் பங்கு 110,000. பயர்மாருக்குக் கொடுக்கிற கட்டலொக்கில் ஒரு பக்கம் 30,000. பார்ட்டியில் மேசையும் "நேரடி பயர் அறிமுகமும்" 45,000. கூட்டினால் 185,000 ரூபாய். சீட்டு எடுத்த காசு பாதி, சங்கிலி அடகு வைத்தது மீதி. கணக்கு ஒரு தனி ஆளின் பேரில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "கம்பனிக் கணக்கில ஓடிட் நடக்குது அக்கா, இது எங்கட டிரெக்டர்ட கணக்கு, ரிசீட் கம்பனிப் பேர்லதான் வரும்" என்றான். ரிசீட்டும் வந்தது, சீல் குத்தி.

மறுகா நடந்ததைச் சொல்கிறேன்.

சாம்பிள் பைகளோடு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம், நானும் என்னோடு தைக்கிற ஒரு பிள்ளையும். கண்காட்சி உண்மையான கண்காட்சிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். இப்படியான கண்காட்சிகளில் சாதாரண ஸ்டோல் 3 மீற்றருக்கு 3 மீற்றர், 9 சதுர மீற்றர். மேலே பெயர்ப்பலகை, ஒரு மேசை, கதிரைகள், லைட், பிளக் பொயின்ற் இவ்வளவும் அதற்குள் அடங்கும். அந்த 9 சதுர மீற்றருக்குள் எங்களைப் போல எட்டுப் பேரை அடைத்திருந்தார்கள். சவர்க்காரம், ஊறுகாய், பனையோலைப் பெட்டி, எல்லாம் ஒரே மேசையில். பலகையில் இருந்தது அவர்களுடைய பெயர். எங்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் இல்லை. எட்டுப் பேரிடமும் ஆளுக்கு எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

என் கழுத்தில் போட்ட பட்டியில் "பார்வையாளர்" என்று இருந்தது. காட்சிப்படுத்துபவர் பட்டி எங்கே என்று பதிவு மேசையில் கேட்டேன். அங்கே இருந்த பிள்ளை பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்த ஸ்டோலுக்கு ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது, வர்த்தகப் பார்வையாளராக வருவதற்கு யாரும் காசு கட்டத் தேவையில்லை, இணையத்தில் பதிந்தால் போதும் என்றாள். கட்டலொக்கைப் புரட்டிப் பார்த்தேன். என் பக்கம் இல்லை. 30,000 ரூபாய்க்கு ஒரு வரிகூட இல்லை.

அதைவிட வயிறெரிந்தது வேறு. நான் பிராக்களை மேசையில் விரித்தவுடன் அந்தத் தம்பி ஓடிவந்து, "அக்கா, இதைக் கீழ வைங்க, ஆக்கள் பாக்கிறாங்க, நைட்டியை மட்டும் மேல போடுங்க" என்றான். "வெக்கப்பட என்ன கிடக்கு" என்று காசு வாங்கும் வரைக்கும் சொன்ன அதே வாய். மத்தியானம் இந்தியாவில் இருந்து வந்த ஒரு அம்மா, கழுத்துப் பட்டியில் கொள்வனவாளர் என்று தெளிவாக இருந்தது, எங்கள் மேசையைத் தாண்டி ஊறுகாய்ப் போத்தல்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டா. என்னுடைய சரக்கு மேசைக்கடியில் பைக்குள் இருந்தது.

பின்னேரம் ஒரு மெசேஜ். "இரவு பார்ட்டிக்கு உங்களோட வந்த பிள்ளைய நைட்வெயார் ஒண்டு போட்டு நிக்கச் சொல்லுங்க. பயர்மார் லைவா பாக்க விரும்புவாங்க." வாசித்தவுடன் கை நடுங்கியது. உள்ளாடைத் தொழிலில் மொடல்கள் இல்லையென்று சொல்லவில்லை. பெக்டரியில் ஃபிட் மொடல் வருவார்கள், சம்பளத்துக்கு, முன்கூட்டியே எழுத்தில் பேசி, அறைக்குள் பெண் டெக்னீஷியன் அளவு பார்க்க. வெளிநாட்டுக் கண்காட்சிகளில் மேடையில் நடப்பவர்களும் ஒப்பந்தம் போட்ட தொழில்முறை மொடல்கள். மற்றபடி சாம்பிளை டம்மியில் மாட்டுவார்கள், அல்லது ஹேங்கரில். தையல்காரப் பிள்ளையை இரவு விருந்தில் உடுத்தி நிறுத்துவது எந்தத் தொழிலிலும் இல்லை. "ஏலாது" என்று ஒரே சொல்லில் அனுப்பினேன். "சரி அக்கா, சும்மா ஐடியாதான்" என்று சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

ஆனாலும் 45,000 கட்டிய பார்ட்டி, பயரை ஒருதரமாவது பார்க்கவேண்டும் என்று போனோம். போஸ்டரில் இருந்த ஹோட்டல் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. பாட்டுச் சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. உள்ளே நின்றவர்கள் யார் தெரியுமா? ஸ்டோலில் நின்ற அதே எட்டுப் பேரில் பாதி, என்னைப் போலவே விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு. இன்சூரன்ஸ் விற்கிற இரண்டு பேர். சங்கிலி முறையில் ஆள் சேர்க்கிற ஒரு கூட்டம். வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் விற்க வந்தவர்கள். ஊறுகாய் போடுகிற அக்கா ஒருவர் அக்கரைப்பற்றில் இருந்து வந்தவ, மூலையில் இருந்து அழுதா.

கடைசியில் "டுபாய் பயர்" என்று ஒருவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினார்கள். பெக்டரியில் பயர் வருகிற நாட்களைப் பார்த்தவள் நான். உண்மையான பயர் வந்தால் குறைந்தது எத்தனை துண்டு ஓர்டர் எடுப்பாய், எத்தனை நாளில் தருவாய், துறைமுகம் வரை என்ன விலை, கழுவினால் எவ்வளவு சுருங்கும், எலாஸ்டிக் எங்கே வாங்குகிறாய் என்று கேட்பார். துணியை இழுத்துப் பார்ப்பார், கொக்கியைத் திருப்பிப் பார்ப்பார். இந்த மனிதர் சாம்பிளைத் தொடவும் இல்லை. என்னுடைய வட்ஸ்அப் இலக்கம் கேட்டார். பிறகு என்னோடு வந்த பிள்ளையைக் காட்டி, "கலியாணம் முடிச்சவவா?" என்று கேட்டார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஓட்டோ பிடித்து வெள்ளவத்தையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டேன். யாரோ எங்களைப் படம் எடுத்ததை அந்த நேரம் கவனித்தேன்.

ஊருக்கு வந்து காசைக் கேட்கத் தொடங்கினேன். "மறுகா எடுக்கிறன் அக்கா." "பயர் லிஸ்ட் வெள்ளிக்கிழமை வரும்." "கட்டலொக் ரெண்டாவது பதிப்பில உங்கட பக்கம் வருது." பிறகு இலக்கத்தை மாற்றி, ஒரு பெண்பிள்ளை: "சேர் மீட்டிங்ல." எப்போது எடுத்தாலும் சேர் மீட்டிங்கில்தான். பிறகு, "பெக்கேஜ் காசு திருப்பித் தரமாட்டம், கொண்டிஷன்ல இருக்கு." எந்தக் கொண்டிஷன்? அந்த ரிசீட்டைத் தவிர எனக்கு ஒரு தாளும் தந்ததில்லை. 185,000 ரூபாய், அதற்கு ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத் தாள் இல்லை. பாதியையாவது தாருங்கள், அடகு வட்டி ஏறுகிறது என்று எழுதினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பொலிசுக்குப் போகிறேன் என்று எழுதியவுடன்தான் பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: "அக்கா, பொலிஸ்ல என்ன வியாபாரம் எண்டு கேப்பாங்க. இரவு பார்ட்டிக்கு பிள்ளையக் கூட்டிக்கொண்டு போனது ஆரு? ஃபோட்டோ எங்களிட்டக் கிடக்கு. பேர் கெடுறது உங்கடதான்."

இதுதான் இவர்களுடைய மூலதனம். உள்ளாடை என்றால் நம் பெண்கள் வெளியில் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஆள் தேடுகிறார்கள். நான் தைப்பது உள்ளாடை. சட்டத்துக்கு விரோதமான ஒன்றையும் நான் விற்கவில்லை. கட்டுநாயக்கவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பகலும் இரவும் தைப்பதைத்தான் நானும் தைக்கிறேன். வெட்கப்படவேண்டியது ஏமாற்றினவன். என்னோடு வந்த பிள்ளையின் தாயிடம் நானே போய், மெசேஜ் எல்லாம் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா, "நீங்க பொலிசுக்குப் போங்க மகள், நானும் வாறன்" என்று சொல்லி, சொன்னபடியே வந்தா.

பொலிசில் முதலில் "கொழும்பில நடந்தது, அங்க போய்ப் போடுங்க" என்றார்கள். காசு மட்டக்களப்பு வங்கியில் இருந்துதான் போனது, மிரட்டல் இங்கே என் போனுக்குத்தான் வந்தது என்று நின்று கதைத்த பிறகு எழுதினார்கள். வங்கியில், போன காசை அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் எடுக்க ஏலாது என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறைப்பாடு போயிருக்கிறது, அவர்களுடைய இலக்கம் 1977.

எனக்கு விரிவாக எழுத நேரமில்லை, நாளைக்குக் கடைக்குச் சரக்குக் கொடுக்கவேண்டும். அவசரமாகச் சிலது:

ஸ்டோல் என்று யார் காசு கேட்டாலும், முதலில் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கே நேராக எடுத்து, அந்த இலக்க ஸ்டோல் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் ஊடாக யாரும் எடுக்கலாம், அந்தத் தாள் நேர்மைக்குச் சாட்சி இல்லை. கம்பனி என்று சொன்னால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். தனி ஆள் கணக்குக்குப் போடவேண்டாம். ஏற்றுமதி ஆசை இருந்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடம் கேளுங்கள், வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். இரவு பார்ட்டிக்குப் பிள்ளைகளை உடுத்தி நிறுத்தச் சொன்னால் அந்த நிமிஷமே மெசேஜை ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு எழும்பி வாருங்கள். அழிக்கவேண்டாம், ஒன்றையும் அழிக்கவேண்டாம்.

அந்த ஸ்டோலில் என்னோடு நின்ற மற்ற ஏழு பேரில் இன்னும் நான்கு பேரை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கரைப்பற்று ஊறுகாய் அக்கா சேர்ந்து முறைப்பாடு கொடுக்கச் சம்மதித்துவிட்டா. சவர்க்காரம் கொண்டுவந்த தங்கச்சி, பனையோலைப் பெட்டி விற்ற அம்மா, இதைப் பார்த்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் சிலிப்பையும் மெசேஜையும் கொண்டுவாருங்கள். வாற கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரே முறைப்பாடாகக் கொடுக்கப்போகிறோம்.