மலைச்சாலையில் எஞ்சின் தானாக இழுவையைக் குறைத்தால்: எல்லை ஊர் வண்டிகளுக்கு எது ஏற்றது?

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாகத் தமிழக-கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் சாலையில், காய்கறியும் திராட்சைப் பெட்டிகளும் சுமந்த பிக்கப் வண்டிகளும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் நாள்தோறும் ஓடுகின்றன. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே நிலைதான். இந்தச் சாலைகளுக்கென்று வண்டி வாங்குபவர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: பிஎஸ்6 டீசல், கையில் இருக்கும் பழைய டீசல், பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் வண்டி, மின்வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தானாக இழுவையைக் குறைத்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தில், அது நடக்காத வண்டி எது என்று பலர் தேடுகிறார்கள். அப்படி ஒரு வண்டி இல்லை. இழுவை எப்போது குறைகிறது, எவ்வளவு குறைகிறது, எவ்வளவு முன்னதாக எச்சரிக்கிறது, குறைந்த பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பவற்றை வைத்தே இந்த நான்கையும் எடை போட வேண்டும்.

வண்டிப் புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. இவ்வகை டீசல் வண்டிகளில் இழுவை குறைவதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. பேச்சில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது, சட்டத்தின் கட்டாயத்தால் வருவது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க, இவற்றில் பலவற்றில் 32.5 விழுக்காடு யூரியா கலந்த நீர் தனித் தொட்டியில் ஊற்றப்படுகிறது. அது தீர்ந்த பிறகும் ஓட்டுநர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, எஞ்சினே அவரைத் தடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பிஎஸ்6 விதிகளுக்கு முன்மாதிரியான ஐரோப்பிய யூரோ 6 விதிகளின்படி, கனரக வண்டியில் யூரியா 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் முன்பே எச்சரிக்கை வர வேண்டும், 2.5 விழுக்காட்டுக்குக் கீழே போகும் முன் எஞ்சினின் முறுக்குவிசை 25 விழுக்காடு குறைய வேண்டும்; தொட்டி வற்றினால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் அடக்கப்படும்.

இந்த விதியில் பாதுகாப்பு குறித்த கவனம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 25 விழுக்காடு குறைப்பு, ஓடும் வண்டியில் சட்டென்று தொடங்குவதில்லை. அந்த நிலை உருவான பிறகு வண்டி முதன்முறையாக நிற்கும்போதுதான் தொடங்குகிறது. 20 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடும் எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகோ, எரிபொருள் நிரப்பிய பிறகோ, நெடுநேரம் நிறுத்தி வைத்த பிறகோதான் வருகிறது. சமவெளியில் இது போதுமான ஏற்பாடு. ஆனால், சபரிமலைப் பருவத்தில் குமுளி மலைச்சாலையில் வாகனங்கள் தேங்கி நிற்கும்போது, வண்டி முதலில் நிற்கும் இடம் ஏற்றத்தின் நடுவிலேயே இருக்கக்கூடும். முழு லோடோடு ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்பட வேண்டிய அந்த இடத்தில் கால் பங்கு இழுவை இல்லாமல் போவது சிறு சங்கடமன்று. அமெரிக்காவில் இதேபோன்ற கட்டுப்பாடு வேகத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வரை இறக்கிவிடக்கூடியதாக இருந்தது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில், யூரியா தீர்ந்ததும் திடீரென்று கடுமையாக இழுவை இழக்காதபடி 2027 மாடல் முதல் புதிய டீசல் லாரிகள் அமைய வேண்டும் என்று அறிவித்தது. மலைச்சாலைகள் நிறைந்த நம் எல்லைப் பகுதிக்கும் அப்படிப்பட்ட படிப்படியான குறைப்பே பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் எஞ்சின் தன்னையும் தன் புகைவடிகட்டியையும் காத்துக்கொள்வது. இந்தச் சாலையில் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். டிபிஎஃப் எனப்படும் புகைவடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் எரித்துத் தீர்க்க வேண்டும். லோடோடு மலையேறும்போது புகை நன்றாகச் சூடாகிறது. அது வடிகட்டிக்கு நல்லதே. இறங்கும்போதோ, கியரில் பிடித்து இறக்குவதால் டீசல் பாய்ச்சுவது நின்று, புகைக்குழாய் குளிர்ந்துவிடுகிறது. எரிப்பு பாதியில் இருக்கும்போது சோதனைச் சாவடி வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டால், அந்தச் சுற்று வீணாகிறது. சந்தைக்கும் கடைகளுக்கும் இடையே குறுந்தொலைவு ஓட்டம், இறக்கம், சாவடியில் அணைப்பு என்று இதுவே நாள்தோறும் தொடர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஞ்சின் லிம்ப் மோடுக்கு, அதாவது தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்து ஓடும் நிலைக்குப் போகிறது. டர்போ அழுத்தச் சென்சாரோ டீசல் அழுத்தச் சென்சாரோ பழுதானாலும் இதுவே நேரும். யூரியாவுக்குக் கிடைக்கும் நீண்ட முன்னறிவிப்பு இதற்குக் கிடையாது, வண்டி நிற்கும்வரை இது காத்திருப்பதும் இல்லை.

இழுவை குறைந்ததும் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஏற்றத்தின் நடுவில் இதைச் செய்யவே கூடாது. லிம்ப் மோடில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் பிரேக்கின் வேக்குவம் உதவியும் பவர் ஸ்டியரிங்கும் உயிரோடு இருக்கின்றன. எஞ்சினை அணைத்தால் சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். யூரியா வற்றிய கனரக வண்டியிலோ, மேலே சொன்ன 20 கிலோமீட்டர் தடை அந்த மறு இயக்கத்தில்தான் விழக்கூடும். சிறிய கியரில் மெல்ல ஏறி, அகலமான இடம் கண்டு ஒதுங்கி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

பழைய டீசல் ஜீப் இதற்கு விடையாகுமா? கணினி இல்லாத பம்ப் எஞ்சின் தானாக இழுவையைக் குறைக்காது என்பது மெய்தான். அது பெரிதாக எச்சரிக்கவும் செய்யாது. நீர் கொதித்து ஹெட் கேஸ்கட் போகும் வரை முழு இழுவையோடு ஓடி, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும்; ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்புக்கு, கால் பங்கு இழுவை குறைவதைவிட இது பன்மடங்கு கொடியது. புது வண்டியின் வடிகட்டியைக் கழற்றிவிட்டு மென்பொருளை மாற்றிக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பானது. எஞ்சினின் தற்காப்பையும் சேர்த்தே அது பறித்துவிடக்கூடும்.

பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலும் ஓடும் சிறு வண்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யூரியாவும் டீசல் வடிகட்டியும் அதில் இல்லை. எரிவாயு குறைந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். எரிவாயுவில் இழுவை சற்றுக் குறைவு, ஆனால் அந்தக் குறைவு எப்போதும் இருப்பது என்பதால் ஓட்டுநர் அதற்குப் பழகிவிடுகிறார். பெட்ரோல் தொட்டியை வறள விடாமல் வைத்திருந்தால் போதும். லோடு மட்டும் அளவோடு இருக்க வேண்டும்.

மின்வண்டியின் கணக்கு வேறு. 3 டன் எடையை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். உராய்வும் இழப்பும் தனி. 20 யூனிட் பேட்டரியில் பாதிக்கும் குறைவான சார்ஜோடு லோயர் கேம்பில் ஏறத் தொடங்குவது சரியன்று. ஏனெனில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தாலும், பேட்டரியோ மோட்டாரோ அளவுக்கு மீறிச் சூடானாலும் வண்டி இழுவையைக் குறைத்துவிடும். சார்ஜ் அளவு முகப்பில் எண்ணாகத் தெரிவதால் முன்னறிவிப்பில் இதுவே முதலிடம். கவனிக்க வேண்டியது இறக்கத்தில்தான்: குமுளியில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், நிறைந்த பேட்டரியால் மின்சாரத்தைத் திரும்ப வாங்க முடியாது, மோட்டார் வழியாகக் கிடைக்கும் பிரேக் பிடிப்பு பெரிதும் குறைந்து, முழுச் சுமையும் சக்கரப் பிரேக்குகளின் மேல் விழுகிறது. மேலே 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என் முடிவு இது. கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே குறுந்தொலைவு மட்டுமே ஓடும் காய்கறி வண்டிக்குப் பெட்ரோல்-சிஎன்ஜியே முதல் தெரிவு. சார்ஜ் வசதி இரு முனையிலும் உறுதியாக இருந்தால் மின்வண்டி. கோட்டயம், எர்ணாகுளம் வரை நீண்ட தொலைவு போகும் கனமான லோடுக்கு பிஎஸ்6 டீசலே பொருந்தும். நீண்ட சீரான ஓட்டத்தில் அதன் வடிகட்டி தானே சுத்தமாகிக்கொள்ளும். யூரியாவை மட்டும் முத்திரையுள்ள கேனிலிருந்து ஊற்ற வேண்டும். 35 டிகிரி வெப்பத்தில் அது ஏறக்குறைய 6 மாதமே தரத்தோடு இருக்கும் என்பதால், கம்பத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேனை வாங்கக் கூடாது. தோட்டத்து ஆட்களை ஏற்றும் ஜீப்புக்கு பிஎஸ்6 டீசல் வாங்குவோர், வாரம் ஒருமுறையாவது தேனி வரை நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டி வடிகட்டியை எரிய விட வேண்டும்; எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியில், பழுது பார்க்கும் வரை, ஆட்களை ஏற்றவே கூடாது.