ஃப்ளோரைடு பேஸ்ட்டா, மூலிகைப் பேஸ்ட்டா? பெங்களூருத் தமிழ் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலருக்குச் சொந்த ஊர் தருமபுரி, கிருஷ்ணகிரி அல்லது கோலார் பக்கம். ஃப்ளோரைடு என்ற தாதுப்பொருள் மிகுந்த அந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்திட்டுகளையும் காவி நிறக் கோடுகளையும் இன்றும் காணலாம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃப்ளோரைடு மிகுதியால் வரும் இந்தப் பற்கறை நோய் 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. ஆகவே கடையில் 'ஃப்ளோரைடு இல்லை' என்று அச்சிட்ட பேஸ்ட்டை இவர்கள் தேடி எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சம் தண்ணீரின்மேல் இருக்க வேண்டியது. பேஸ்ட்டின்மேல் திரும்பியிருப்பதால் குழந்தைகளின் பற்கள் சொத்தையாவதே மிச்சம் என்பது என் உறுதியான கருத்து.

பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியா நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் வாயின் பி.ஹெச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து தாது கரைகிறது; பிறகு எச்சில் அந்தத் தாதுவை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த நேரத்தில் வாயில் ஃப்ளோரைடு சிறிதளவு இருந்தால், புதிதாகப் படியும் அடுக்கு முன்பைவிட அமிலத்தைத் தாங்கக் கூடியதாக அமைகிறது. இது முழுவதும் பல்லின் மேற்பரப்பிலேயே நடப்பதால் எதையும் விழுங்க வேண்டிய தேவை இல்லை. பற்கறை உண்டாகும் வழியோ வேறு: விழுங்கப்பட்ட ஃப்ளோரைடு இரத்தத்தில் கலந்து, தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் எனாமலைக் குலைக்கிறது. ஏறத்தாழ எட்டு வயதுக்குப் பிறகு பேஸ்ட்டால் புதிதாகப் பற்கறை வருவதில்லை. மிகையான ஃப்ளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடிப்பது எலும்பைத் தாக்கும் என்பது தனிச் செய்தி. அதற்கும் காரணம் தண்ணீர்தான்.

அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) உள்ள பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு உண்டு. பட்டாணி அளவுப் பேஸ்ட் கால் கிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், ஒரு குழந்தை இருவேளையும் அதைத் துப்பாமல் முழுவதும் விழுங்கிவிட்டால்கூட உடலுக்குள் போவது அரை மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தைக்கு, பேஸ்ட்டை விழுங்குவதைப்போல ஆறு மடங்கு அந்த நீரிலேயே கிடைத்துவிடுகிறது. அதில் வேகும் சோற்றையும் சாம்பாரையும் இங்கே சேர்க்கவில்லை.

பெங்களூருவுக்குக் குழாயில் வரும் காவிரி நீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு வரும் ஆற்று நீர். ஃப்ளோரைடு குறித்து அஞ்ச வேண்டியது ஆழமான போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கும் வீடுகள்தான். காய்ச்சுவதால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் மீதியில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்கிவிடும். டேங்கர் நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது, பேஸ்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடப் பயனுள்ள செலவு.

இனி கடை அலமாரிக்கு வருவோம். கோல்கேட் ஸ்ட்ராங் டீத் போன்ற வெள்ளைப் பேஸ்ட்டுகளில் தேய்ப்புப் பொருளாகக் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. சோடியம் ஃப்ளோரைடை அதனோடு சேர்த்தால் கால்சியத்துடன் பிணைந்து பயனற்றுப் போகும் என்பதால், இவ்வகையில் சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் சேர்க்கிறார்கள். சிலிக்கா கலந்த ஜெல் வகைகளில் சோடியம் ஃப்ளோரைடு நேரடியாகவே இடம்பெறுகிறது. இரண்டும் சொத்தையைத் தடுப்பவையே. விலையில் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் மணம், நிறம், நுரை ஆகியவற்றுக்கானது; குறைந்த விலை வெள்ளைப் பேஸ்ட்டை வாங்குபவர் எதையும் இழப்பதில்லை.

மூலிகைப் பேஸ்ட்டுகளைப் பொறுத்தவரை, விக்கோ வஜ்ரதந்தி, டாபர் ரெட் போன்றவற்றில் ஃப்ளோரைடு இல்லை. கிராம்பு எண்ணெய் பல்வலியைச் சற்று மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மை. நன்றாகத் துலக்கினால் படிவு நீங்குவதும் ஈறு நலம் பெறுவதும் எந்தப் பேஸ்ட்டிலும் நடக்கும். ஆனால் சொத்தையைத் தடுப்பதில் ஃப்ளோரைடுக்கு இருப்பதைப் போன்ற, பல பத்தாண்டு ஆய்வுகளில் நிலைத்த சான்று வேம்புக்கோ வேலம்பட்டைக்கோ கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்ததும் ஃப்ளோரைடு பேஸ்ட்டைத்தான். முகப்பில் மூலிகைப் படம் இருந்தாலும் சில பேஸ்ட்டுகளில் ஃப்ளோரைடு உண்டு என்பதால் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். இந்திய விதிப்படி 1000 பி.பி.எம்.முக்கு மிகாமலும், அளவு எவ்வளவு என்பதை டியூபிலும் அட்டையிலும் குறிப்பிட்டும்தான் விற்க முடியும். டியூபின் அடியில் உள்ள பச்சை, கருப்புக் கட்டங்களை வைத்து இயற்கையா வேதிப்பொருளா என்று கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சு பொய். அவை டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்பதை இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளங்கள் மட்டுமே.

நஞ்சன்கூடு பல்பொடியும் கோபால் பல்பொடியும் பாட்டி தாத்தாக்களோடு சேர்ந்து நம் வீடுகளுக்குள் வந்தவை. அவற்றின்மேல் இருக்கும் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் விரலால் தேய்க்கும் பொடி பல்லிடுக்குகளைச் சென்று சேராது. கரகரப்பான பொடியாக இருந்தால் எனாமலையும் தேய்க்கும். கரி கலந்த பேஸ்ட்டுகளுக்கும் இந்தக் குறை உண்டு. பல் கூச்சத்துக்கான பேஸ்ட்டுகளில் பல, பொட்டாசியம் நைட்ரேட்டைக் கொண்டவை; சில வாரங்கள் தொடர்ந்து துலக்கினால்தான் பலன் தெரியும். ஒரே பல்லில் மட்டும் கூச்சம் நீடித்தால் அது சொத்தையாக இருக்கலாம் என்பதால், பேஸ்ட்டை நம்பிக் காலம் கடத்தாமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழப் படம் போட்ட குழந்தைப் பேஸ்ட்டுகளில் சிலவற்றில் ஃப்ளோரைடு 500 பி.பி.எம். அளவிலும், சிலவற்றில் அறவே இல்லாமலும் இருக்கிறது. வீட்டில் காவிரி நீரோ ஆர்.ஓ. நீரோ குடிக்கும் குழந்தைக்குப் பெரியவர்களின் 1000 பி.பி.எம். பேஸ்ட்டையே மூன்று வயதுவரை அரிசி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் பெற்றோரே பிரஷ்ஷில் இட்டுக் கொடுப்பது மேல். தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பது சோதனையில் தெரிந்து, அந்தத் தண்ணீரை உடனே மாற்றவும் வழியில்லாமல், குழந்தைக்கும் துப்பத் தெரியாத நிலை என்றால் மட்டுமே, பல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சிறிது காலத்துக்கு ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டைக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வேன்.

எந்தப் பேஸ்ட்டை வாங்கினாலும் இரவில் சர்க்கரை போட்ட பாலைக் குடித்த பிறகு துலக்கினால்தான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். உறக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் பல்லுக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட வேண்டும். நம் வழக்கப்படி நான்கைந்து முறை வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால், காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடு அந்தத் தண்ணீரோடு தொட்டிக்குள் போய்விடும்.