போர்முனைக்குச் சென்ற உறுப்பினரும் அவரது நாற்காலியும்

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பகுதிநேரப் படைவீரராகவும் இருக்கலாம். ஆனால் 270 நாட்களுக்கு மேற்பட்ட ஆணையின் பேரில் பணிக்கு அழைக்கப்படும் ரிசர்வ் (பகுதிநேரப் படை) அதிகாரி, மாநிலப் பதவியை வைத்திருக்கலாமே தவிர அதன் கடமைகளை ஆற்றக் கூடாது என்கிறது கூட்டரசுச் சட்டம். அப்போது தொகுதிக்காகப் பேசுவது யார்?

2002இல், 21 வயதில், ஹவாய்ச் சட்டமன்றத்துக்குத் தேர்வான துளசி கபார்ட், அடுத்த ஆண்டே பகுதிநேரப் படையான மாநிலத் தேசியக் காவல் படையில் சேர்ந்தார். 2004இல் தம் படைப்பிரிவுக்கு ஈராக் செல்லும் ஆணை வந்தபோது, மறுதேர்தலில் போட்டியிடுவதைக் கைவிட்டார். அங்கே மருத்துவப் பிரிவில், காயமுற்ற வீரர்களின் பெயர்ப் பட்டியலை நாள்தோறும் வரிவரியாகப் பார்ப்பது அவருடைய வேலை. தொகுதிக்குப் புதிய உறுப்பினர் கிடைத்தார். கபார்டின் ஹவாய்ச் சட்டமன்ற வாழ்வோ இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

இந்தியானா மாநில மேலவை உறுப்பினரும் கடற்படை ரிசர்வ் அதிகாரியுமான ஜிம் பேங்க்ஸ், 2014இல் ஆப்கானிஸ்தான் செல்ல நேர்ந்தபோது, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் விடுப்பை எடுத்தார். அவர் மனைவி அமாண்டா அந்த இடத்தில் அமர்ந்து பணியாற்ற, 2015 மே மாதத்தில் பேங்க்ஸ் பொறுப்பை மீண்டும் ஏற்றார்.

இந்தியானாவின் வழியே மேலானது என்று உறுதியாகக் கருதுகிறேன்: சீருடை அணிந்ததற்காக ஒருவர் மக்கள் தந்த பொறுப்பை இழக்க வேண்டியதில்லை, தொகுதியும் குரலற்றுப் போவதில்லை. எனினும், வாக்காளர் தேர்ந்தெடுக்காத வாழ்க்கைத்துணை அந்த நாற்காலியில் அமர்வது என்னை உறுத்துகிறது. தற்காலிக உறுப்பினர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்திருக்கலாம்.