1968 பீட்டிலா, 1999 கோல்ஃபா?

இரண்டும் ஃபோக்ஸ்வாகன்தான். நடுவில் முப்பது வருஷம். பழைய கார் வாங்கக் கிளம்பும் நண்பர்கள் பலருக்கு இந்த இரண்டின் மேலும் கண் இருக்கிறது. நான் இரண்டையும் பார்க்கும் விதமே வேறு.

பீட்டில் 1300-இன் இன்ஜின் பின்பக்கம், 40 குதிரைத்திறன். காற்றே இன்ஜினைக் குளிர்விப்பதால் ரேடியேட்டர் கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்ற மற்ற கார்களில் அந்த பெல்ட் வேண்டும்; இதில் கியரே சுற்றுகிறது. முன் கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைப் பீய்ச்சுவதுகூட ஸ்டெப்னி டயரின் காற்றுதான். இப்படி யோசித்தவர்கள் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

ஆனால் சத்தம் நன்றாக இருக்கிறதென்று இன்ஜினை நம்பிவிடாதீர்கள். அணைத்துவிட்டு, கீழே இருக்கும் பெரிய புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். அந்தப் புல்லி பொருந்தியிருக்கும் இன்ஜினின் முக்கியத் தண்டான கிரேங்க்ஷாஃப்ட்டுக்கு அனுமதித்த ஆட்டம் 0.15 மி.மீ. மட்டுமே, கைக்குத் தெரிவதே அரிது. 'டக்' என்று இடித்தால் இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிவரும். மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்பதையும், தனியாகப் பாருங்கள். ஆயில் கூலர் காற்றை மறைப்பதால் அதுதான் அதிகம் சூடாகி வால்வைக் கருக்கும்.

அடுத்தது துரு. கதவுக்குக் கீழே ஓடும், சூடான காற்றைக் கொண்டுபோகும் ஹீட்டர் சேனல் உளுத்துப்போனால் பாடியே தொய்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல தகடு கணீரென்னும், பட்டி பூசிய இடம் மொத்தென்னும். பின்சீட்டைத் தூக்கி, பேட்டரிக்கு அடியில் ஆசிட் தரையைத் தின்றிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோல்ஃபில் இந்தக் கவலை குறைவு. முழு பாடிக்கும் துத்தநாகப் பூச்சு; தகடு துருப்பிடித்து ஓட்டை விழாது என்று 12 வருஷ வாரன்டி கொடுத்து விற்ற கார். முன் ஃபெண்டரில் கொஞ்சம் துரு வரும். வேறெங்காவது கொப்பளித்திருந்தால் அடிபட்டுத் தேறிய வண்டியா என்று கேளுங்கள்.

இதன் நோய் வயரிங்கிலும் பிளாஸ்டிக்கிலும் ஒளிந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கோளாறை மறைத்திருக்கிறார்கள். நான்கு ஜன்னல்களையும் இறக்கி ஏற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கண்ணாடி கதவுக்குள் விழுவது இந்த மாடலில் சகஜம்.

வீட்டுக்கு ஒரே கார், தினமும் குழந்தைகளோடு பயணம் என்றால் நான் கோல்ஃபைத்தான் சொல்வேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பீட்டிலில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஏர்பேக் இல்லை, பெட்ரோல் டேங்க் முழங்காலுக்கு முன்னால். ஏற்கெனவே ஒரு கார் இருந்து, 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆறிய இன்ஜினுக்கு அடியில் படுத்து வால்வு இடைவெளி சரிசெய்யும் ஆசையும் இருந்தால், பீட்டிலை வாங்குங்கள்.

கோல்ஃப் வாங்குபவர்கள் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வாரமே, வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.