குஷன் உறைக்குப் பூத்தையலா, ஒட்டுத்துணி வேலையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், தீபாவளி நெருங்கும்போது முன்கூடத்துக்குக் குஷன் உறைகளையும் வாசலுக்குத் தொங்கல்களையும் கையால் செய்ய விரும்புவோர், நூலால் பூ வரையும் பூத்தையலையோ, வெட்டிய துணியை மேலே வைத்துத் தைக்கும் அப்ளிக் என்கிற ஒட்டுத்துணி வேலையையோதான் பெரும்பாலும் நாடுகின்றனர். சூட்டுப் பசையால் ஜரிகைப் பட்டையையும் கண்ணாடிகளையும் ஒட்டிவிடும் மூன்றாவது வழியும் உண்டு. அந்தப் பசை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இளகிவிடும் என்பதால், துவைத்துத் தேய்க்க வேண்டிய எதற்கும் அது உதவாது.

நுணுக்கத்தில் பூத்தையலுக்கு ஈடில்லை. 6 இழை கொண்ட நூலிலிருந்து 2 இழைகளை மட்டும் பிரித்தெடுத்துக் காம்புத் தையலால் ஒரு மல்லிகைக் கொடியை ஓட்டினால் கிடைக்கும் மென்மையை, எவ்வளவு சிறிதாக வெட்டினாலும் ஒட்டுத்துணி தராது. ஆனால் குஷன் என்பது பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் பிள்ளைகள் முறுக்கு எண்ணெய்க் கையோடு அதைக் கட்டிப்பிடிப்பார்கள்; இதழ்களை நிரப்பும் நீண்ட இழைகள் வளையலிலும் நகத்திலும் மாட்டிக்கொள்ளும்; சங்கிலித் தையலிலோ ஒரு கண்ணி அறுந்தால், அந்த வரிசையே உருவிக்கொண்டு வரக்கூடும். ஒட்டுத்துணியின் விளிம்பு முழுவதும் மடித்துத் தைக்கப்படுவதால், அடிக்கடி துவைத்தாலும் அது எளிதில் பிரிவதில்லை. உட்காரும் இடத்துக்கு ஒட்டுத்துணி, தொங்கும் இடத்துக்குப் பூத்தையல் என்பதே என் தீர்ப்பு.

வளை தையல் (ஜிக்ஜாக்) போடத் தெரியாத பழைய மிதி மிஷின் ஒட்டுத்துணிக்குத் தடையாகாது. வெட்டிய பூவுக்குக் கஞ்சி போட்டு, கால் அங்குல விளிம்பை உள்ளே மடித்துத் தேய்த்துவிட்டால், நேர்த்தையலே போதும். வளைவான இடங்களில் மடிப்பைச் சிறிது கத்தரித்துவிட வேண்டும். கோவில் தேர்களில் தொங்கும் தொம்பைகள் என்கிற உருளை வடிவத் துணித் தொங்கல்களைக் கவனித்தவர்களுக்கு, வண்ணத் துணித்துண்டுகள் தூரத்திலிருந்தே எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணித் தேர்வில்தான் பலர் தவறிவிடுகின்றனர். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பூ வடிவங்கள் கொண்ட பாத்தேக் துணி பருத்தியா, ரேயானா என்று கேட்டு வாங்குவது நல்லது. நனைந்தால் பருத்தி இழை வலுப்பெறும், ரேயானோ வலுவிழக்கும். ரேயான் பளபளப்பாக இருந்தாலும், துவைக்கும்போது தையல் ஓரங்களில் கிழியும் வாய்ப்பு அதிகம். பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும் என்பது மழைக்காலத்தில் பெரிய வசதிதான் என்றாலும், எண்ணெய்க் கறையையும் அதன் வாடையையும் அது எளிதில் விடாது. எனவே உறைக்குப் பருத்தி, அதன்மேல் பருத்திப் பாத்தேக் சாரோங்கிலிருந்து வெட்டிய பூக்கள் என்ற இணைப்பே எனக்கு நிறைவளிக்கிறது. பாத்தேக் பூவுக்கு ஏற்கெனவே தெளிவான விளிம்பு இருப்பதால், தனியாக வடிவம் வரைய வேண்டிய வேலையும் மிச்சம். அம்மாவின் பழைய நூல்சேலை இருந்தால் அதுவும் நன்று. பல துவைப்புகளைக் கண்ட துணி இனிச் சுருங்காது. புதுத் துணிகளை மட்டும் வெட்டுவதற்கு முன் அலசி உலர்த்த வேண்டும், குறிப்பாகச் சிவப்பை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

செலவில் பெரிய வேறுபாடில்லை. 45 அங்குல அகலமுள்ள துணியில் 17 அங்குலச் சதுர முன்பக்கம் ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்று படியும் 12 அங்குலப் பின்பக்கங்கள் இரண்டும் ஒரே வரிசையில் அடங்குவதால், ஒரு மீட்டரில் 16 அங்குலக் குஷனுக்கான இரண்டு உறைகளை வெட்டலாம், ஜிப்பும் தேவையில்லை. நேரத்தில்தான் வித்தியாசம் மிகுதி: ஒட்டுத்துணி உறை ஒரு பிற்பகலில் முடியும், அதே பரப்பை நூலால் நிரப்பப் பல மாலைகள் வேண்டும். அந்த மாலைகளைப் பூசை அறைத் திரைக்குச் செலவிடுவது பொருத்தம். அதை யாரும் இழுப்பதில்லை, துவைப்பதும் எப்போதாவதுதான். குஷனிலும் பூத்தையல் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், பூவை ஒரு மூலையோடு நிறுத்தி, நீண்ட இழைகளைத் தவிர்த்துக் காம்புத் தையலிலேயே முடித்து, பின்புற முடிச்சுகள் மறையுமாறு மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்துத் தைக்கலாம்.